கற்கலங்கள் கூறும் வரலாறு

பண்டை எகிப்தின் மன்னர்களை நினைக்குந்தோறும் பொன்னே முதலில் மனக்கண்முன் தோன்றும். தூத்தங்காமன் என்னும் இளமன்னனின் பொன் முகமூடியைப் படத்திலேனும் காணாதார் இன்று மிகச் சிலரே. ஆயின், எகிப்திய மன்னர்கள் தம்முடன் கொண்டுசென்ற பொருள்களுள் பொன்னைப் போலவே போற்றப்பட்டனவும், பொன்னினும் பன்மடங்கு மிகுதியாக எஞ்சியிருப்பனவும் கற்கலங்களே. கிண்ணங்கள், தட்டங்கள், சாடிகள், குவளைகள் என அவை ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. அரும்பொருட்சாலைக்குச் செல்வோர் அவற்றை ஒரு கணம் நோக்கிவிட்டுப் பொன் இருக்கும் கூடத்துக்கு விரைவர். பழங்காலத்துக் கல்லறைத் திருடரும் ஏறக்குறைய அவ்வாறே செய்தனர். பொன்னை உருக்கி விற்கலாம். கற்கிண்ணத்தை உருக்க முடியாது. ஆதலாற் பொன் போயிற்று, கல் நின்றது. அவ்வாறு நின்ற கற்களே எகிப்தின் முதல் மன்னர்களின் பெயர்களையும் அவர்கள் அரியணை ஏறிய வரிசையையும் உலகுக்கு உணர்த்தின.

கல்லறையிலே கலங்களை வைக்கும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று? மாந்தன் இறப்போடு முற்றாக அழிந்துபோகிறான் என்று எகிப்தியர் கருதவில்லை. உடலோடு பிறந்து, உடல் வீழ்ந்த பின்னும் நிலைத்திருக்கும் உயிராற்றல் ஒன்று உண்டென்றும், அதன் பெயர் ‘கா’ என்றும் அவர்கள் நம்பினர். அந்தக் காவுக்கு ஊண் வேண்டும். பருகுவதற்கு நீரும் மதுவும் வேண்டும். பூசிக்கொள்ள நறுநெய்யும் கண்ணுக்குத் தீட்ட மையும் வேண்டும். மைந்தரும் பூசகரும் நாள்தோறும் படையல் வைப்பது கடமையாக இருந்தது. ஆனால் மைந்தரும் ஒருநாள் மறைவர். படையலும் ஒருநாள் நின்றுபோகும். ஆகவே கல்லறையையே குறைவற்ற களஞ்சியமாக்கிவிட அவர்கள் முயன்றனர்.

இந்த நம்பிக்கை எத்துணை நேரடியானது என்பதைச் சக்காராவிற் கிடைத்த ஒரு காட்சி நன்கு புலப்படுத்தும். அங்கே 3477 என எண்ணிடப்பட்ட கல்லறையை வால்ற்றர் எமெரி என்னும் ஆங்கில அறிஞர் அகழ்ந்தார். அது மன்னருக்குரியதன்று; இரண்டாம் அரசமரபுக் காலத்தில் வாழ்ந்த முதிய பெருமாட்டி ஒருத்திக்கு உரியது. அவளுடைய சவப்பெட்டியின் அருகே முழு விருந்து ஒன்று பரிமாறியபடியே இருந்தது. கூழ், சமைத்த காடை, புறாக்கறி, துப்புரவாக்கிச் சமைத்த மீன், மாட்டு விலாவிறைச்சி, முக்கோண வடிவான ரொட்டி, சிறு பணியாரங்கள், அவித்த அத்திப்பழம், இலந்தையை ஒத்த சிறுகனிகள் என்பன மட்டட்டுகளிலும், வெண்கல், கருங்கல் ஆகியவற்றாற் செய்த கிண்ணங்களிலும் காய்ந்து கிடந்தன. அப் பெருமாட்டியின் எலும்புகளை ஆராய்ந்தபோது, அவள் உயிரோடிருந்த காலத்திலே வாயின் ஒரு பக்கத்தால் மட்டுமே மென்று உண்டவள் என்பது தெரிந்தது. மெல்ல முடியாத முதியவளுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்த விருந்து அது!

மட்பாண்டம் உடையும், மரப்பாத்திரம் உளுத்துப்போகும், செம்பு களிம்பேறும். என்றும் அழியாத வாழ்வுக்கு அழியாத கலமே பொருத்தமானது. ஆதலால் எகிப்தியர் கல்லை நாடினர். அந்நாட்டின் இருமருங்கிலும் உள்ள பாலைநிலம் பயிருக்கு உதவாததாயினும் கல்வளத்திற் குறைவற்றது. ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் என்னும் வெண்கல் ஹத்நூப் முதலிய இடங்களில் வெட்டப்பட்டது. அஸ்வான் பகுதி செந்நிறக் கருங்கல்லைத் தந்தது. கிழக்குப் பாலைநிலத்தில் உள்ள வாடி ஹம்மாமாத் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு, பசுமை கலந்த சாம்பல்நிறக் கல்லுக்குப் பேர்பெற்றது. செம்மேனியில் வெண்சில்லுகள் பதிந்தாற்போன்ற கல்லும், கரும்புள்ளி கொண்ட வெண்ணிறக் கல்லும், தெளிந்த பளிங்கும் சேகரிக்கப்பட்டன. நீரும் நிழலும் இல்லாத இடங்களிலிருந்து, மனிதர் தோளிலும் கழுதை முதுகிலும் ஏற்றி இவை நைல் நதிக்கரைக்குக் கொண்டுவரப்பட்டன.

இரும்பு வழக்கில் இல்லாத அக்காலத்திலே இத்துணைக் கடினமான கல்லைக் குடைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கல்லறைச் சுவர்களிலேயே உண்டு. சக்காராவில் உள்ள மெரெருக்கா என்னும் அமைச்சரின் கல்லறையில், கற்கலம் செய்யும் தொழிலாளரின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. முதலில் வன்கல்லாற் கொத்தித் தட்டிக் கலத்தின் புறவடிவத்தை அமைத்தனர். பின்னர் அகத்தைக் குடைந்தனர். நீண்ட மரத்தண்டு ஒன்றின் மேற்பகுதியிற் கனமான கற்களைக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்ப்பகுதியிற் பிறை வடிவான தீக்கல்லையோ செப்புக் குழாயையோ பொருத்தி, அதனை இடமும் வலமுமாகத் திருகினர். உண்மையிற் கல்லை அறுத்தது செம்பு அன்று. செம்பின் கீழ் இட்ட மணலே கல்லைத் தேய்த்தது. வாய் குறுகி வயிறு அகன்ற சாடியின் உள்ளே குடைவதற்கு, நடுவில் இடை சிறுத்த நீள்கல் ஒன்றைத் தண்டின் பிளவிலே கவ்வவைத்துச் சுழற்றினர். இறுதியாக மணலும் கல்லும் கொண்டு தேய்த்து மெருகேற்றினர். சில கிண்ணங்களின் விளிம்பு விளக்கொளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாய் அமைந்துள்ளது. எகிப்தியரின் சித்திர எழுத்திலே ‘கைவினை’ என்னும் சொல்லை எழுதுவதற்கு இக் கற்கலத் துளைகருவியின் உருவமே பயன்பட்டது. கைத்தொழில்களுள் கற்கலத் தொழிலுக்கு அவர்கள் அளித்த இடம் இதனால் விளங்கும்.

எகிப்தின் முதலாம் அரசமரபு கி.மு. 3000 அளவிலோ அதற்குச் சற்று முன்னரோ தோன்றியது. அம்மரபின் மன்னர்கள் நாட்டின் தென்பகுதியிலே அபிதோஸ் என்னும் இடத்திற் பாலைநிலத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். செங்கல்லாற் கட்டிய நிலத்தடி அறைகளும், அவற்றைச் சூழக் களஞ்சிய அறைகளுமாக அக்கல்லறைகள் அமைந்தன. அவை மிகப் பழங்காலத்திலேயே கொள்ளையிடப்பட்டன, எரியூட்டவும் பட்டன. பிற்காலத்து எகிப்தியர், ஜெர் என்னும் மன்னனின் கல்லறையை ஒசிரிஸ் தெய்வத்தின் அடக்க இடமென நம்பி, அங்கு வந்து மட்கலங்களைக் காணிக்கையாக வைத்தனர். அவ்வாறு குவிந்த ஓடுகள் எண்ணில. அதனாலேயே அவ்விடத்தை அரபு மக்கள் ‘உம் எல் காப்’, அதாவது ‘பானைகளின் தாய்’ என வழங்கலாயினர்.

1895ஆம் ஆண்டு முதல் எமில் அமெலினோ என்னும் பிரெஞ்சுக்காரர் அவ்விடத்தை அகழ்ந்தார். முழுமையான அழகிய பொருள்களைத் தேடுவதிலேயே அவருடைய கருத்துச் சென்றது. உடைந்த துண்டுகள் அவருக்குக் குப்பையாகத் தோன்றின. அவருக்குப் பின் 1899ஆம் ஆண்டின் இறுதியில் பிளிண்டர்ஸ் பீற்றி என்னும் ஆங்கில அறிஞர் அங்கு வந்தார். முன்னவர் கலங்களை உடைபட விட்டார் என்று அவர் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். எனினும் அவர் மனந்தளரவில்லை. கழித்து எறியப்பட்ட கற்றுண்டுகளையெல்லாம் பொறுக்கி, வகைப்படுத்தி, வரைந்து, அவற்றிற் கீறியிருந்த எழுத்துகளைப் படித்தார். ஒரு விளிம்பிலே ஒரு மன்னன் பெயர். வேறொரு துண்டிலே அவனுடைய அரண்மனையின் பெயர். பிறிதொன்றிலே அவன் கொண்டாடிய விழாவின் குறிப்பு. இவ்வாறு குப்பைமேட்டிலிருந்து ஓர் அரசமரபு எழுந்து நின்றது.

அத்துண்டுகளுட் சில வியப்புக்குரிய ஒரு செய்தியை வெளிப்படுத்தின. முதலாம் அரசமரபிலே அஜிப் என ஒரு மன்னன் இருந்தான். அவனுக்குப் பின் ஆண்டவன் செமெர்கெத். அஜிப்பின் பெயர் பொறித்த கலங்கள் சிலவற்றில் அப்பெயர் தேய்த்து அழிக்கப்பட்டு, செமெர்கெத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அது பகையின் விளைவோ, பொருளைத் தனதாக்கும் எண்ணமோ, கல் அதனைக் கூறவில்லை. ஆனால் அழித்தவனின் முயற்சி முற்றாக நிறைவேறவில்லை. சக்காராவிற் பின்னர் கிடைத்த கலம் ஒன்றிலே டென், அஜிப், செமெர்கெத், காஆ என்னும் நான்கு மன்னர்களின் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒரே கிண்ணம் ஒரு மன்னனிடமிருந்து அடுத்தவனுக்குச் சென்றது. ஒவ்வொருவனும் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டான். 1985ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் அபிதோஸில் டென் மன்னனின் கல்லறையை மீண்டும் ஆய்ந்தபோது, நார்மெர் முதல் டென் வரையுள்ள மன்னர்களை வரிசையாகக் கூறும் முத்திரைப் பதிவு கிடைத்தது. பின்னர் காஆவின் கல்லறையிலே அம்மரபின் இறுதி வரைக்கும் செல்லும் மற்றொரு பதிவு வெளிப்பட்டது. அதிலும் அஜிப்பின் பெயர் உரிய இடத்திலேயே நிற்கின்றது.

அபிதோஸின் பொருள்களுள் மற்றிரண்டு தனியே குறிப்பிடத்தக்கவை. ஒன்று, இரண்டாம் அரசமரபின் இறுதி மன்னனான காசெகெம்வியின் கல்லறையிற் கிடைத்த சிறு கற்சாடிகள். அவற்றின் வாய் பொற்றகட்டால் மூடப்பட்டு, முறுக்கிய பொற்கம்பியாற் கட்டப்பட்டு, களிமண் முத்திரை இடப்பட்டிருந்தது. துணியால் மூடி நூலாற் கட்டும் அன்றாட வழக்கத்தைப் பொற்கொல்லன் பொன்னிலே செய்து காட்டியிருந்தான். மற்றொன்று, ஜெர் மன்னனின் கல்லறைச் சுவரின் துளையொன்றிற் செருகப்பட்டிருந்த, துணி சுற்றிய கை. திருடன் ஒருவன் மறைத்து வைத்துவிட்டு, எடுக்க வராமற் போன கை அது. அதிலே பொன், நீலக்கல், பேரோசனை எனப்படும் பசுநீல மணி, செவ்வூதா மணி ஆகியவை கோத்த நான்கு காப்புகள் அணிந்தபடியே இருந்தன. 1901ஆம் ஆண்டில் பீற்றியின் ஆட்கள் அதனைக் கண்டெடுத்தனர். காப்புகள் கெயிரோ அரும்பொருட்சாலையைச் சேர்ந்தன. ஆனால் அக்கையும் அதனைச் சுற்றிய துணியும் அங்கே தேவையற்றனவென வீசப்பட்டன என்று பீற்றி எழுதிவைத்தார். எகிப்திய அரசகுலத்தைச் சேர்ந்த ஒருவரின் மிகப் பழைய உடற்பகுதி இவ்வாறு ஓர் அரும்பொருட்சாலையிலேயே அழிந்தது.

மன்னர் தம்முடன் கொண்டுசென்றவை பொருள்கள் மட்டுமல்ல என்பதையும் மறைத்தல் ஆகாது. ஜெர் மன்னனின் கல்லறையைச் சுற்றி 300க்கு மேற்பட்ட சிறு புதைகுழிகள் வரிசையாக உள்ளன. அவை ஏவலரும் பணியாளரும் அரசவையினரும் அடக்கப்பட்டவை. மன்னனோடு அவர்களும் உயிர்துறக்க வேண்டியிருந்தது என்றே அறிஞர் பலர் கருதுவர். முதலாம் அரசமரபோடு அக்கொடிய வழக்கம் மறைந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் மாந்தருக்குப் பதிலாக ஏவற்பாவைகள் கல்லறையுட் புகுந்தன. தூத்தங்காமனின் கல்லறையில் அத்தகைய பாவைகள் 413 இருந்தன.

கற்கலங்களின் வரலாற்றிலே தலையாய இடம் பெறுவது சக்காராவில் உள்ள படிக்கட்டுப் பிரமிட்டு ஆகும். மூன்றாம் அரசமரபைச் சேர்ந்த ஜோசர் மன்னனுக்காக, கி.மு. 27ஆம் நூற்றாண்டளவில் அது எழுப்பப்பட்டது. அதன் கிழக்குப் புறத்திலே 11 ஆழ்குழிகள் செங்குத்தாக இறங்குகின்றன. ஏறக்குறைய 32 மீற்றர் ஆழத்தில் அவை நீண்ட சுரங்க அறைகளாக விரிகின்றன. 1930களில் குயிபெல் என்னும் ஆங்கிலேயரும் ழான் பிலிப் லோயெர் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரும் அவற்றை ஆய்ந்தபோது, சில சுரங்கங்களிலே கற்கலங்கள் தரை தொடங்கிக் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கக் கண்டனர். அவற்றின் தொகை சுமார் 40,000 எனக் கணக்கிடப்பட்டது. கூரை இடிந்து வீழ்ந்தமையால் மிகப் பல நொறுங்கியிருந்தன. அவற்றைப் பொருத்தி உருவாக்கும் பணி நெடுங்காலம் நடந்தது.

அதனினும் பெரிய வியப்பு, அவற்றிற் காணப்பட்ட எழுத்துகளே. உளியாற் கீறியும் மையால் எழுதியும் இருந்த பெயர்களுள் மிகப் பல, ஜோசருக்கு முற்பட்ட முதலிரு மரபுகளைச் சேர்ந்த மன்னர்களுடையவை. இரண்டாம் அரசமரபிலே வெனெக் என வழங்கும் பெயர் பெரும்பாலும் இக்கலங்களாலேயே தெரியவந்தது. கலங்கள் உடைந்து அழிந்திருப்பின் அப்பெயரும் அவற்றோடு மறைந்திருக்கும்.

முன்னோர் பொருள்களை ஜோசர் தன் பிரமிட்டின் கீழ்க் குவித்தது ஏன்? அறிஞரிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. முன்னோரின் கல்லறைகள் கொள்ளையிடப்பட்டமையால், எஞ்சியவற்றைப் பாதுகாப்பாக மீண்டும் புதைத்தான் என்பர் சிலர். அரண்மனையிலும் கோயிலிலும் பல தலைமுறையாகச் சேர்ந்து கிடந்த பழம்பொருள்களைத் தன் இறுதிச் சடங்குக்குப் பயன்படுத்தினான் என்பர் வேறு சிலர். முன்னைய மன்னர்களின் வழித்தோன்றல் தானே என நிலைநாட்டுவது அவன் நோக்கமாகலாம் என்போரும் உளர். எக்கருத்துச் சரியாயினும் ஒன்று தெளிவு. ஜோசரின் ஆணையால் எகிப்தின் முதலிரு மரபுகளின் நினைவு, திருடர் கை எட்டாத ஆழத்திலே ஒரே இடத்திற் காக்கப்பட்டது. அதனைப் படிக்கத்தக்க மாந்தர் வருவதற்கு 4,500 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஜோசருக்குப் பின் கற்கலத்தின் மேன்மை சிறிது சிறிதாகக் குறைந்தது. பெரும் பிரமிட்டைக் கட்டிய கூபு மன்னனின் தாயான ஹெத்தெபெரெஸ் அரசியின் அடக்க அறை 1925ஆம் ஆண்டிலே கீசாவிற் கண்டுபிடிக்கப்பட்டது. ஜோர்ஜ் ரைஸ்னர் என்னும் அமெரிக்க அறிஞரின் குழு அதனை ஆய்ந்தது. பொற்றகடு வேய்ந்த கட்டிலும் நாற்காலிகளும் இருந்த அவ்வறையில், எட்டு வெண்கற்சாடிகள் கொண்ட பேழையும் இருந்தது. ஏழிலே நறுமண எண்ணெய்களும் எட்டாவதிலே கண்மையும் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் 1927இல் வெண்கற் சவப்பேழையைத் திறந்தபோது அதனுள் அரசியின் உடல் இல்லை. காலம் செல்லச்செல்ல, உண்மைக் கலத்துக்குப் பதிலாக அதன் தோற்றமே போதுமென்னும் எண்ணம் தலைதூக்கியது. அகம் குடையாத பொய்க்கலங்களும், விரலளவு சிறிய மாதிரிக்கலங்களும் கல்லறைகளில் இடம்பெறலாயின. கல்லைப் போல் வண்ணந்தீட்டிய மரச்சாடிகளும் பிற்காலத்தில் உண்டு.

எனினும் வெண்கற் கலம் தன் பெருமையை முற்றாக இழக்கவில்லை. 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஹோவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்த தூத்தங்காமனின் கல்லறையிலே, 5,000க்கு மேற்பட்ட பொருள்களிடையே வெண்கற் சாடிகள் பல இருந்தன. அவற்றுட் சில முன்னைய மன்னர்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. ஜோசரின் காலத்துக்கு 1,300 ஆண்டுகளுக்குப் பின்னரும் மூதாதையர் கலத்தை உடன் வைக்கும் வழக்கம் நீங்கவில்லை. அக்கல்லறையுட் பழங்காலத்திலேயே திருடர் புகுந்திருந்தனர். அவர்கள் நாடியவற்றுட் சாடிகளில் இருந்த விலையுயர்ந்த நறுநெய்யும் ஒன்று. சாடிகளைத் தூக்கிச் செல்லுதல் அரிதாகலின், நெய்யைக் கையாலே வழித்து எடுத்துச் சென்றனர். அவர்களுடைய விரற்சுவடுகள் சாடியின் உட்புறத்தில் அப்படியே படிந்திருக்கக் கார்ட்டர் கண்டார். மன்னர் பெயர் கல்லின் புறத்திலே நிற்க, பெயரறியாத் திருடனின் விரல் அதன் அகத்திலே நின்றது.

கற்கலத்தோடு தொடர்புற்ற துயர நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்திலும் உண்டு. சக்காரியா கொனெய்ம் என்னும் எகிப்திய அறிஞர், ஜோசருக்குப் பின் ஆண்ட செகெம்கெத் மன்னனின் முற்றுப்பெறாத பிரமிட்டைச் சக்காராவிலே கண்டுபிடித்தார். அதன் கீழே நூற்றுக்கணக்கான கற்கலங்களும் பொற்காப்புகளும் கிடைத்தன. 1954ஆம் ஆண்டில் முத்திரை கலையாத வெண்கற் பேழையைத் திறந்தபோது, அது வெறுமையாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் பின்னர் வேறொரு பழி வந்தது. ஜோசரின் பிரமிட்டில் முன்னர் கண்டெடுத்த பெருங்கலம் ஒன்று காணப்படவில்லை என்றும், அதனை அவரே வெளிநாட்டுக்குக் கடத்தினார் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டார். நண்பரான லோயெர் அவருக்காக அக்கலத்தைத் தேடலானார். அது கெயிரோ அரும்பொருட்சாலையிலேயே ஒரு மூலையிற் கிடந்தது. அச்செய்தி வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கொனெய்ம் நைல் நதியில் மூழ்கி உயிர்துறந்தார். கலம் களவுபோகவில்லை, அது எங்கே வைக்கப்பட்டது என்னும் குறிப்பே தவறிப்போயிருந்தது.

இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கின் ஓருண்மை புலனாகும். ஒரு கற்கலத்தின் மதிப்பு அதன் கல்லில் மட்டும் இல்லை. அதில் எழுதிய பெயரிலும், அது கிடந்த இடத்திலும், அந்த இடத்தை எழுதிவைத்த ஏட்டிலும் உள்ளது. செமெர்கெத் பெயரை அழித்தான். அமெலினோ துண்டுகளைப் புறக்கணித்தார். அரும்பொருட்சாலை ஒரு கையை வீசியது. பின்னர் ஒரு கலத்தைத் தன் கூரையின் கீழேயே தொலைத்தது. கல்லறைத் திருடர் செய்த தீங்கு கண்ணுக்குத் தெரிவது. கவனமின்மை செய்யும் தீங்கு அத்துணை எளிதிற் புலப்படாது. எகிப்து 1983ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தினால் தொல்பொருள் வணிகத்தைத் தன் நாட்டிலே தடைசெய்தது. அதற்கு முன் வணிகரின் கை வழியாகப் பிற நாடுகளுக்குச் சென்ற கற்கிண்ணங்கள் பல. அவை எக்கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டவை, யாருடைய உணவைத் தாங்கியவை என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அழகிய கலங்களாக அவை இன்றும் நிற்கின்றன. ஆனால் ஊமைகளாக நிற்கின்றன. சக்காராவின் ஆழத்திலே நொறுங்கிக் கிடந்த துண்டுகளோ, கிடந்த இடத்திலேயே கண்டெடுத்து எழுதிவைக்கப்பட்டமையால், தம் மன்னர்களின் பெயர்களை இன்றும் வரிசை பிறழாது கூறிக்கொண்டிருக்கின்றன.